ரிமோட் ஏலம் போன வருடம்

நேற்று பாறசாலை ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருந்தபோது, என் போனுக்குள் ஒரு வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார். பின்னால் நீலமும் ஊதாவுமாக விளக்குகள், காதில் பெரிய ஹெட்போன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி உண்மையில் ஒரு காருக்குள் இருக்க வேண்டியது. வீடியோ கேம் பெட்டி செய்கிற ஒரு பெரிய கம்பெனி தோற்றுக்கொண்டே போகிறதாம். விட்டுப் போன ஆட்டக்காரர்களைத் திரும்பப் பிடிக்க அவர் ஐந்து வழி வைத்திருந்தார். விலையைக் குறை. வேறெங்கும் கிடைக்காத ஆட்டம் கொடு. ஆடுகிறவன் சொல்வதைக் கேள். நாலாவதைச் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. அதே கம்பெனியின் பெட்டிக்கு அதே மூன்று வைத்தியத்தையும் எங்கள் ஸ்டான்லி அத்தான் காரக்கோணம் ரோட்டில் பத்துப் பதினைந்து வருடம் முன்பே செய்து பார்த்துவிட்டார். வீடியோ எடுத்துப் போடத்தான் அவருக்குத் தெரியவில்லை.

ஸ்டான்லி அத்தான் என் அக்கா புஷ்பத்தின் கணவர். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது. அந்தமுறை லீவுக்கு வந்து வாசலில் நின்றவரைக் கண்டதும் நாலு வயது மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மா, இந்த மாமன் எப்பம் போவாரு?" என்று கேட்டாள். அன்றைக்கே அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நீங்க இனி ஒருக்க பெட்டி கெட்டினா, நானும் பிள்ளையும் எனக்க அம்மைக்க வீட்டுல போய் இருப்போம். சொல்லியாச்சு."

அத்தானுக்கும் போக மனமில்லை. சம்பளமில்லாத லீவாக நீட்டி வாங்கினார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்பி வராவிட்டால் வேலை இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஆக, ஐந்து மாதத்துக்குள் ஊரில் ஏதாவது ஊன்றியாக வேண்டும். அவர் கையில் இருந்தது மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த அந்தக் கேம் பெட்டி. நெய்யாற்றின்கரையில் இருந்த கேம் சென்டரில் எல்லோருக்கும் பிடித்த மற்ற கம்பெனிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கட் கடைக்காரன் அத்தானிடம், 'அது எல்லாரிடமும் இருக்கிறது, இது யாரிடமும் இல்லை' என்று சொல்லியே தள்ளிவிட்டிருக்கிறான். ஒரு சாமான் யாரிடமும் இல்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தப் பெட்டியை வைத்து காரக்கோணம் ரோட்டில் ஒரு கேம் கடை திறந்தார். நான் மேனேஜர். எம்.காம். முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான பரீட்சைகளை எழுதிக்கொண்டும், யாராவது கேட்டால் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். கடையில் ஒரு டிவி, ஒரு பெட்டி, இரண்டு ரிமோட், எனக்கு ஒரு மேஜை. கையில் பிடித்து ஆடுகிற கருவியைக் கம்பெனி கன்ட்ரோலர் என்கிறது, எங்கள் ஊரில் அது ரிமோட்தான். பக்கத்து டீக்கடையில் நேந்திரம்பழத்தை மாவில் முக்கி ஏத்தங்காய் அப்பம் பொரிப்பார்கள். தின்ற கையோடு வந்து ஆடுவார்கள். பெட்டி சூடாகிற பிளாஸ்டிக் வாசனையும் அந்த எண்ணெய் வாசனையும் கலந்ததுதான் என் முதல் உத்தியோகத்தின் வாசனை. இன்றைக்கும் எங்காவது அப்பம் பொரிக்கிற வாசனை வந்தால் என் கட்டைவிரல்கள் தாமாக அசைகின்றன.

ஆட்டக்காரர்கள் வரவில்லை. முதல் மாதம் வேடிக்கை பார்த்தவர்கள், அடுத்த மாதம் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினார்கள். அத்தான் விலையைக் குறைத்தார். ஒரு மணி நேரம் ஆடினால் அரை மணி இனாம். பயல்கள் சொல்லி வைத்தாற்போல இனாம் அரை மணியை முதலில் கேட்டு வாங்கி ஆடிவிட்டு பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பிறகு வேறெங்கும் கிடைக்காத ஆட்டம். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற ஒரு டிஸ்க்கை எங்கிருந்தோ வரவழைத்தார். அப்படி ஒன்று ஜில்லாவிலேயே கிடையாது, உண்மைதான். பூவாரில் கடலுக்குப் போகிற எட்வின் அண்ணன் வந்து ஐந்து நிமிடம் பார்த்தார்.

"எலே ஸ்டான்லி, அங்க எனக்க வலையக் கழுவ ஒரு ஆளு கிட்டேல்ல. நீ இவனுவளுக்குப் பொம்மை மீனு பிடிக்கப் படிச்சுக் குடுக்கியா?"

மூன்றாவது, ஆடுகிறவன் சொல்வதைக் கேட்பது. ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, கருத்துகளை எழுதிப் போடச் சொன்னோம். நாலு சீட்டு விழுந்தது. மூன்றில், மற்ற கம்பெனிப் பெட்டி வாங்கச் சொல்லியிருந்தது. நாலாவது மலையாளம்: "சேட்டன் ஒன்னு மிண்டாதிரிக்காமோ?" ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று அத்தான் ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார், அவர் வாயைக் கொஞ்சம் மூட முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பந்தை எந்தப் பொத்தானால் உதைப்பது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்போதுதான் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உழைப்பின் முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டு வந்து படைப்பார்கள். வாழைக்குலை, சேவல், மரச்சீனிக் கிழங்கு, ரப்பர் ஷீட், எதுவும் வரும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். கொண்டு வந்தவர் தன் பொருளைத் தானே ஏலத்தில் எடுக்க ஆசைப்பட்டால், கடைசி விளியை, அதாவது கடைசியாக விலை கேட்பதை, அவருக்கு விட்டுக்கொடுப்பது மரியாதை. அதுவரை மைக்கில் அவர் பெயர் இருபது தரம் ஒலிக்கும். அதைவிடப் பெரிய விளம்பரம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அத்தான் இரண்டாவது ரிமோட்டைப் பஞ்சு வைத்துத் துடைத்து, பித்தளைத் தட்டில் சிவப்புப் பட்டு விரித்துக் கொண்டுபோனார்.

"வாழக்குலை ஒண்ணு கொண்டு போனா போராதா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்க உழைப்பு இதாக்கும்" என்றார் அத்தான்.

சபைச் செயலாளர் மைக்கில், "இது என்ன சாதனமெண்ணு எனக்குத் தெரியாது. நம்ம ஸ்டான்லிக்க முதல் பலன். கேளுங்க, கேளுங்க!" என்றார். ஏற்பாட்டின்படி நான் தென்னைமரத்தடியில் நின்று இரண்டு தரம் விலையை ஏற்றிவிட்டேன். அத்தான் கடைசி விளி சொல்லி முடிக்கப் போன நேரத்தில் ரப்பர் வியாபாரி தாசையன் மாமா குரல் கொடுத்தார். அவருக்கும் அத்தானின் அப்பாவுக்கும் ஒரு வழித்தடத் தகராறு. அப்பா செத்த பிறகும் அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அத்தான் ஏற்ற ஏற்ற, தாசையன் மாமா மேலே ஏற்றினார். அத்தானுக்குக் கையிருப்பு தீர்ந்து ஏலம் தன் பேரில் முடிந்த பிறகுதான், ரிமோட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பிரஷர் பாக்கலாமா மக்கா?"

மறுநாள் திரும்பக் கேட்கப் போனேன். "கர்த்தருக்க பேருல வாங்கினதாக்கும். திருப்பிக் கேக்கப்படாது" என்றார். அவர் வீட்டு ஷோகேஸில், ஜப்பான் பொம்மைக்கும் மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்கும் நடுவே எங்கள் ரிமோட் இருந்தது. புதிது எறணாகுளத்திலிருந்து வர வேண்டும். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள்.

ஒரே ரிமோட். கடை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். வேறு வழியில்லாமல் அத்தான் ஒரு சட்டம் போட்டார்: ஒருத்தன் மெஷினோடு கால்பந்து ஆட வேண்டும், கோல் வாங்கினால் எழும்பி அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாள் நாலு பேர். ஆடுகிறவனை மற்ற மூவரும் கேலி பண்ணிய சத்தம் ரோட்டுக்குக் கேட்டு இன்னும் நாலு பேர். "பாஸ் கொடுக்கெடா!" "எழும்பெடா, போரும்!" காரக்கோணத்தில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். நெய்யாற்றின்கரைக்குப் போனவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். கால்பந்தை ரசித்து யாரும் வரவில்லை. அடுத்தவன் தோற்பதைப் பார்க்க வந்தார்கள், தங்கள் முறைக்காக நின்றார்கள். அத்தானின் யோசனைகள்கூட அந்த இரைச்சலில் யாருக்கும் தொந்தரவாக இல்லை. மகள் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் "இது எனக்க அப்பாக்க கடை" என்று சொல்வாள். அக்கா தாய்வீட்டுப் பேச்சையே விட்டாள்.

சத்தத்துக்குச் சண்டை போட வந்த தாசையன் மாமா, நின்று பார்த்து, உட்கார்ந்து பார்த்து, ஒரு வாரத்தில் "விட்டுக் குடுலே, உனக்கு ஆடத் தெரியேல்ல!" என்று கத்துகிறவராகிவிட்டார். பிறகு மனம் இளகி, ரிமோட்டைப் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்து நீட்டினார். பயல்களே வேண்டாம் என்றார்கள்.

அத்தானும் தயங்கினார். "இப்பிடியே கெடக்கட்டு மக்கா. ஆளு வருது இல்லியா."

என் எம்.காம். படிப்பு விடவில்லை. "அத்தான், தேவை கூடினா சரக்கையும் கூட்டணும். இது முதல் பாடமாக்கும். ஒரு ரிமோட்டுக்கு இவ்வளவு பேருண்ணா, ரெண்டுக்கு யோசிச்சுப் பாருங்க."

"நீ படிச்சவன். செய்" என்றார்.

செய்தேன். இரண்டு பேர் ஜோடியாக வந்து ஒரு மணி நேரத்துக்குச் சொல்லிவைத்து, அமைதியாக ஆடினார்கள். மற்றவர்களுக்கு முறை வரவில்லை. முறை வராத இடத்தில் எவன் நிற்பான்? இரண்டே வாரத்தில் பழையபடி டிவியின் சத்தம் மட்டும் கேட்டது. பயந்துபோய் ரிமோட்டை ஒளித்து வைத்தேன். "சேட்டா, மற்றது உண்டல்லோ, எடுக்கு" என்றார்கள். இருப்பது தெரிந்த பிறகு யாரும் வரிசையில் நிற்கத் தயாராக இல்லை.

டிசம்பர் பத்துக்குள் அத்தான் பெட்டி கட்டினார். அக்கா தாய்வீட்டுக்குப் போகவில்லை. சட்டைகளை அவளே மடித்து வைத்தாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவர் உள்ளே போனதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், "நீ எம்.காம். இல்லியா மக்கா" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அத்தான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது இன்னும் மோசம்.

ரோடு அகலமானபோது அந்தக் கடை வரிசையே போய்விட்டது. டீக்கடை போயிற்று, தாசையன் மாமா போய்ச் சேர்ந்தார். இப்போது ஆளுக்கொரு போன், எவனும் எவனுடைய முறைக்கும் காத்திருப்பதில்லை. கடை போனதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அந்த ஐந்து மாதம் அத்தான் இந்த ஊர்க்காரராக இருந்தார். அதற்குப் பிறகு அவர் வந்ததெல்லாம் லீவில்தான்.