டாக்டர் கோட்டாஸின் கையெழுத்து

வெர்லன் கோட்டாஸ் நல்ல கால்நடை வைத்தியர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து அவரை மட்டமாக நினைத்துவிடக் கூடாது. ஜனவரிப் பனியில் தோள்வரை கையை விட்டு, கோணலாகக் கிடக்கும் கன்றைத் திருப்பி எடுப்பார். ஆனால் ஆறுதலாக நாலு வார்த்தை வராது. கண்ணெதிரே பூனை செத்து, அதன் சொந்தக்காரி விம்மிக்கொண்டிருந்தாலும் "ம்" என்பார். நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான். இவர் அதிலும் ஒரு படி மேல்.

அந்த நாலு வார்த்தையை எழுதியவள் அவர் மனைவி ஜோலீன். நாயோ பூனையோ செத்த மறுநாள் அந்த வீட்டுக்கு ஓர் அட்டை போகும். 'இடி இடித்தால் டெய்சி என் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். இன்று இடித்தபோது குனிந்து பார்த்தேன்' என்கிற மாதிரி இருக்கும். கீழே கோட்டாஸின் பெயர். கையெழுத்தையும் அவளே போட்டுவிடுவாள். அவர்கள் இருவரையும் விட்டால், இருபத்திரண்டு வருஷமாக மருத்துவமனையில் உதவிக்கு இருக்கும் எனக்கு மட்டும் இது தெரியும்.

போன வருஷம் இருவரும் விவாகரத்துக்குப் போனார்கள்.

"அவரோட பேசறதுக்கு எக்ஸ்ரே மெஷினோட பேசலாம், மார்வா. அதுவாச்சும் சத்தம் போடும்" என்றாள் ஜோலீன்.

சொத்தைப் பிரிக்க வேண்டுமே, மருத்துவமனையை மதிப்புப் போட லிங்கன் நகரத்திலிருந்து ஒருவன் வந்தான். மேசை, கருவி, டிரக் எல்லாம் அரை நாளில் முடிந்தது. மிச்சம் இருந்தது சம்பாதித்த பெயர். சனங்கள் டாக்டருக்காக வருகிறார்களா, மருத்துவமனைக்காக வருகிறார்களா என்று கேட்டான். மருத்துவமனைக்காக என்றால் அந்தப் பெயரிலும் ஜோலீனுக்குப் பங்கு உண்டு. அதைக் கொடுக்க டாக்டர் இடத்தையே விற்க வேண்டியிருக்கும். டாக்டருக்காக என்றால் அது அவர் உடம்போடு ஒட்டியது. பங்கே கிடையாது.

டாக்டரின் வக்கீல் விவரமான ஆள். டாக்டருக்காகத்தான் வருகிறோம் என்று ஊர்க்காரர்களிடம் கடிதம் கேட்டு வாங்கினான். நாற்பத்தொன்று வந்தது. எல்லாவற்றிலும் அந்த அட்டையைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாளாம்.

"எழுதினது நீதான்னு கோர்ட்ல சொல்லிடு" என்றேன் ஜோலீனிடம்.

"நான் சொல்ல மாட்டேன். அவர் வாயால வரட்டும். ஒரே ஒரு தடவை."

கோர்ட்டில் ஜோலீனின் வக்கீல் கேட்டார்: "இந்த அட்டையெல்லாம் நீங்க எழுதினதா, டாக்டர்?"

அவர் ஜோலீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான்."

ஜோலீன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போதும், விடுங்க" என்று வக்கீலிடம் சொன்னாள். உண்மையைச் சொல்ல நானும் எழுந்து நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு எவன் வேலை தருவான்? வெட்கமாகத்தான் இருந்தது.

மருத்துவமனை அவருக்கே நின்றது. ஜோலீன் அக்காவோடு இருக்க ஒமாஹா போய்விட்டாள். அதன்பிறகு எத்தனையோ நாய்கள் செத்தன, ஓர் அட்டையும் போகவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் அட்டையும் பேனாவுமாக உட்காருவார். 'வருந்துகிறேன்' என்று எழுதுவார். அதற்குமேல் ஓடாது, கிழித்துப் போடுவார். காலடியில் அவருடைய கிழட்டு நாய் பீட் படுத்திருக்கும். அவரிடம் மிஞ்சியிருந்த துணை அது ஒன்றுதான்.

மார்ச்சில் பீட்டுக்குக் கடைசி ஊசியை அவரே போட்டார். ஜோலீனுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன்.

நாலாம் நாள் ஓர் அட்டை வந்தது. என் எதிரிலேயே பிரித்தார். 'பீட் எப்போதும் டிரக்கில் உங்கள் இருக்கையில்தான் உட்காருவான். நீங்கள் வந்து விரட்டும்வரை அதைச் சூடாக வைத்திருப்பான். இனி அது குளிர்ந்துதான் இருக்கும்.' கீழே, எப்போதும்போல, டாக்டர் வெர்லன் கோட்டாஸ்.

இரண்டு தடவை படித்தார். அப்புறம் என் பக்கம் நீட்டினார்.

"இது... யார் எழுதினது, மார்வா?"

"நீங்கதான், டாக்டர். கோர்ட்ல சத்தியம் பண்ணிச் சொன்னீங்களே."