ஊதாவை நீலம் என்றவர்

பண்டாரவளையில் பெயர்ப் போர்டு அடிக்கிறவர்களில் பாக்கியநாதனுக்கு ஒரு பெயர் உண்டு. "ரோட்டுக்கு வந்து கலர் பாக்குறவர்" என்பார்கள். யார் டிசைன் கொண்டுவந்தாலும், தாளில் அச்சாகியிருக்கும் நிறத்தை அவர் அப்படியே நம்பமாட்டார். தாளில் இருப்பது மை, போர்டில் ஒட்டப்போவது ஸ்டிக்கர். கடைக்குள் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் வெளியே போனால் வேறு முகம் காட்டும். அதனால் ஸ்டிக்கரில் விரலளவு வெட்டி, தாளின் ஓரத்தில் ஒட்டி, வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு தடவை, மேகம் மூடின மப்பில் ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அது வேடிக்கை.

"என்ன அண்ணே, கள்ள நோட்டா?"

அவரும் சிரித்துக்கொள்வார். ஆண்டவர் தனக்கென்று கொடுத்த கண் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் அடி விழுந்தது.

போன வருசம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்தோனியம்மா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்து மாதா கோவிலில் சொரூபத்துக்குச் சேலை சாத்துகிறவளும் அவள்தான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் நிறம் பார்த்துச் சேலை எடுப்பதும், கொசுவம் மடித்துச் சாத்துவதும் அவள் பொறுப்பு. வேறு யாரையும் கிட்ட விடமாட்டாள். கோவில் முகப்பில் மாட்டப் புதுப் போர்டு வேண்டுமென்று, மகள் நிலுக்ஷி கம்ப்யூட்டரில் செய்து அச்சடித்த டிசைன் தாளையும், அந்த வருசத்துச் சேலையின் ரவிக்கைத் துணியில் வெட்டிய ஒரு துண்டையும் மேசையில் வைத்தாள்.

"இந்த நீலம்தான் வேணும் தம்பி. மாதா உடுத்தியிருக்கிறதும் கோவில் நெத்தியில இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும்."

"தாளும் துணியும் ஒரே கலர்தானே அக்கா. தாளே போதும், துணிய நீங்க வச்சிக்குங்க."

அப்போது மூன்று நாளாய் மழை. சரியான நீல ஸ்டிக்கர் ரோல் முடிந்திருந்தது. கொழும்பிலிருந்து அடுத்தது வருவதற்குள் திருவிழாக் கொடியேற்றம் முடிந்துவிடும். அலுமாரியில் வேறொரு நீலம் கிடந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே தாளின் மேல் வைத்தார், பொருந்தியது. வாசலுக்குப் போகவில்லை. மழை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. வெளிச்சத்தில் பார்த்தால் இது ஆகாது என்று தெரிந்துவிடும், அந்தப் பயம்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் போர்டை மாட்டினார். மூட்டம் விலகி வெயில் பட்டதும் நீலம் ஊதாவாகிப் போனது. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுகாலத்தில் சொரூபங்களை மூடி வைக்கிற அதே ஊதா. கீழே நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருவிழாவா, பெரிய வெள்ளியா?" என்றாள் ஒருத்தி மெதுவாக.

அந்தோனியம்மா துணித்துண்டை உயர்த்திப் பிடித்தாள். "தம்பி, ஊதாவா தெரியுதே."

ஏணியில் நின்றபடியே அவர் சொன்னார். "அது ஒங்க கண்ணு அக்கா. வயசாகுதில்ல. கண்ணுல பூ விழுந்தா நீலம் இப்பிடித்தான் தெரியும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னார். கலர் பார்க்கிறவரே சொல்லும்போது நமக்கென்ன தெரியும் என்று மற்றவர்களும் அடங்கிவிட்டார்கள். அந்தோனியம்மா துணியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதெல்லாம் அந்த முடிச்சு பாக்கியநாதனின் கண்முன் வந்து நிற்கும்.

இந்த வருசம் திருவிழா நோட்டீஸ் அடிக்க அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஜெசீகா வந்தாள்.

"அந்தோனியம்மா அக்கா வரலியா?"

"அவங்க சேலை சாத்துறத விட்டுட்டாங்க அங்கிள். கண்ணு கெட்டுப்போச்சாம், கலர் தெரியலயாம். கோவில் கூட்டத்துல எந்திரிச்சு அவங்களே சொன்னாங்க. இப்ப எங்க சித்திதான் பாக்குறாங்க."

ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த கத்தி கோடு மாறிப் போனது.

மறுநாள் ஞாயிறு. சரியான நீல ரோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடுல்சீமை பஸ் ஏறினார். அந்தோனியம்மா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்க கண்ணுல ஒண்ணுமில்ல. அது ஊதாதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் விறகைக் கீழே வைத்தாள். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. வந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன் தம்பி. ஒரு நாள் பேரும் போச்சு, சம்பளமும் இல்ல. டாக்டர் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, நல்லா இருக்குன்னாரு. நான்தான் நம்பல. கலர் பாக்குறதையே தொழிலா வச்சிருக்க மனுசன் பொய் சொல்லுவாரான்னு நெனச்சேன்."

பாக்கியநாதனால் நிமிர முடியவில்லை.

"என்ன மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிக்கிறதுக்கென்ன. ஆனா இத என்கிட்ட சொன்னா காணாது. கண்ணு கெட்டுப்போச்சுன்னு நான் எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னேன்."

அன்று கோவிலில் செபமாலை முடிந்ததும், பீடத்துக்கு முன்னால் அவர் எழுந்து நின்றார். கடையில் நாள் முழுக்கப் பேசுகிற மனிதர் மூன்று வசனம்தான் சொன்னார். போர்டு ஊதா என்றார். தெரிந்தே ஒட்டினேன் என்றார். அக்கா கண்ணைக் குறை சொன்னது பொய் என்றார். பிள்ளைகள்கூட அவரையே பார்த்தார்கள். ஜெசீகாவின் சித்தி எழுந்து, இந்த வருசத்துக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு நீலச் சேலைகளையும் கொண்டுவந்து அந்தோனியம்மா மடியில் வைத்தாள். "நீங்களே பாருங்கக்கா. எனக்கு இந்தக் கொசுவமும் வரல, ஒரு மண்ணும் வரல."

பெண்கள் சிரித்தார்கள். அவர் வெளியே வந்து ஏணியைச் சாத்தி, போர்டின் பழைய ஸ்டிக்கரை உரிக்கத் தொடங்கினார். ஒரு வருச வெயிலில் காய்ந்து போனது, முழுசாக வரவில்லை. நகத்தால் சுரண்டினார்.

கீழே அந்தோனியம்மா சேலைகளோடு வந்து நின்றாள். ஒன்றை மாற்றி ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை உயர்த்திக் காட்டினாள்.

"தம்பி, இதுதானே நல்ல நீலம்? சரியாத்தானே பாக்குறேன்?"

அத்தனை பேர் முன்னால் சொல்லியும் இன்னும் தன்னைத்தான் கேட்கிறாள்.

"என்கிட்ட கேக்காதீங்கக்கா. ஒங்க கண்ணுக்கு எது தெரியுதோ அதுதான்."

அவள் மறுபடியும் சேலையைத் தூக்கிப் பிடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பசையோடு விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட ஊதாத் துணுக்குகள், கால்சட்டையில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.