உள்பக்கத் தாழ்ப்பாள்

ஆராய்ச்சி மாணவிகளுக்கென்று பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஃபிளாட் மாதிரி ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். நான்காவது மாடியில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, மூன்று பேருக்கு மூன்று அறைகள். நான் மாஞ்சோலைப் பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில், ஒரே அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவள். முதல் நாள் என் அறைக்குள் போய் விளக்கைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். ஏன் என்று கேட்க யாருமில்லை. மலைத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வார்டன் கீழ்த்தளத்தில்தான் இருப்பார், சமையல் நாங்களேதான் என்றதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அடுத்த வாரமே அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி, காலிப் பை ஒன்றோடு வந்து நின்றாள். துணிமணியை எடுத்து வை, வீட்டிலிருந்து போய்ப் படி என்றாள். எஸ்டேட்டை மூடி, மலையை விட்டு இறங்கிய பிறகு, மணிமுத்தாறில் எங்களுக்கு ஒற்றை அறை வாடகை வீடு. அங்கே உட்கார்ந்து ஆய்வேடு எழுதுவதும் படிப்பை நிறுத்துவதும் ஒன்றுதான். எனக்குக் கோபமான கோபம்.

அவளோ வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குறை தேடினாள். கூட இருந்த காயல்பட்டினத்துத் தோழி போட்டுக் கொடுத்த டீயைக்கூடச் சந்தேகத்தோடுதான் குடித்தாள்.

"ஏட்டி, மூணு பேருக்கு மூணு ரூமா? ஒத்தையில எப்படிப் படுக்குத?"

கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா பார்க்கிறேன் என்று என் அறைக்குள் போனாள். உள்பக்கத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் திறக்கவே இல்லை.

தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, என் பெட்டியைக் குடைகிறாள் என்று பொருமினேன். தோழி கதவில் காதை வைத்துப் பார்த்து, சத்தமே இல்லை என்றாள். பயந்துபோய்த் தட்டினேன்.

"பைய வாரேன்" என்றாள் உள்ளேயிருந்து.

வெளியே வந்தபோது சேலையை அவிழ்த்துத் திருத்தமாக உடுத்தி, கொண்டையைப் புதிதாகப் போட்டிருந்தாள். என் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் அவள் சேலை மாற்றும்போது நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. சும்மா இருந்தேன். பொறந்ததுலேருந்து இப்பந்தான் ஒரு ரூமுக்குள்ள ஒத்தையில இருந்திருக்கேன்."

என்னைப் பெற்றவள், ஐம்பது வயதுக்காரி. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. அவளை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பிரமித்து நின்றேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

துணிமணிப் பேச்சை அதற்குமேல் அவள் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்வரை கூடவே போனேன். ஏறுவதற்கு முன், "நீ இங்கனயே இரு. யாரு கூப்பிட்டாலும் வராத" என்றாள். சரி என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, "நான் கூப்பிட்டாலும் வராத" என்றாள்.