துணி ஒட்டிய காசு

லிந்துலை டவுனில் தையல் கடை வைத்திருக்கும் பிரேமினி, நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். சீலை காற்றில் பறக்காமலிருக்க அடி ஓரத்தில் கனமாக ஏதாவது வைத்துத் தைக்க வேண்டும். தென்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் வியாபாரி, தென்னைக்குக் குழி வெட்டும்போது அகப்பட்டதென்று ஒரு டப்பா நிறைய வெண்கலத் துண்டுகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு. துணியில் களிம்பு ஒட்டிவிடுமே என்று கழுவினாள். ஒன்றில் ஒரு மூக்கும் கழுத்தும் தெரிந்தன.

சட்டை வாங்க வந்த யசோதினி டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சரித்திரம் படிப்பிக்கிறவர்.

"பிரேமினி, இது ரோமாபுரி ராசாவின்ர தலை. ஆயிரத்து அறுநூறு வருசம் இருக்கும்."

"அம்புட்டுத் தூரத்துக் காசு இங்க எப்படிங்க டீச்சர் வந்துச்சு?"

"கப்பலில வந்தது. பிறகு இஞ்சத்தைய சனமும் சந்தையில கை மாத்தியிருக்கும்."

ஹோட்டல் சீலைக்கு இரும்பு வாஷர் வைத்துக் கொடுத்தாள் பிரேமினி. காசுகளை பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டாள். ரோஜா முள்ளால் அழுக்கைக் கிளறினாள். வியாபாரி பிறகும் கொண்டுவந்தார். பதிலுக்கு அவர் மகள்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். பாதிக் காசுகள் வழவழவென்று வெறுமையாகவே வெளிவந்தன. சிலவற்றில் ஈட்டி பிடித்த வீரர்கள் நின்றார்கள்.

மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டகொடைத் தோட்டத்தில் தன் லயத்து வீட்டு ஜன்னலோரம், ஒரு காசில் முள்ளை வைக்கப்போனவளுக்குக் கை அப்படியே நின்றது. பச்சைக் களிம்பில் நெடுக்கும் குறுக்குமாக இழைகள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இது துணிங்க!"

கணவன் சுமன் குனிந்து பார்த்தான். "காசுல ஏது துணி?"

"யாரோ துணியில முடிஞ்சு வச்சிருக்காங்க. துணி மக்கிப் போயிருக்கு, நெசவு மட்டும் களிம்புல தங்கிருச்சு. முடிச்சு இறுக்குன சுருக்கம்கூடத் தெரியுது, பாருங்க."

"சுரண்டுனா உள்ள ராஜா தெரிவாரா?"

"தெரிவாரு. இது போயிரும்."

எத்தனையோ வருஷமாகத் துணியோடு பழகிய விரல். ஆனாலும் தொடப் பயமாயிருந்தது. முள்ளை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் டீச்சரிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெருக்கமா நெய்திருக்கு, என்ன?" என்றார் கடைசியில், மெல்ல.

"நல்ல நெசவுங்க டீச்சர்."

இப்போது காசு பார்க்க வருகிறவர்களிடம் ராஜா முகங்களையெல்லாம் தாராளமாகக் கையில் கொடுப்பாள். இதை மட்டும் தன் உள்ளங்கையில் வைத்தே காட்டுகிறாள்.