முதலில் வந்த லாரி

தொண்ணூறுகளில் ஒரு மத்தியானம், ஈரோட்டிலிருந்து கோவைக்கு வரும்போது, பெருந்துறைக்கும் அவினாசிக்கும் நடுவே எங்கள் பஸ் பழுதாகி நின்றது. சற்று நேரத்தில், பஸ்ஸில் இருந்த நிறைமாதப் பெண் ஒருத்திக்கு வலி கண்டது. பெருந்துறைக்குத் திரும்புவதா, அவினாசிக்குப் போவதா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவள் புருஷன் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

என் பக்கத்தில் இருந்தவர் கோவை ஜவுளி வியாபாரி. வெள்ளைத் தொப்பி, மருதாணிச் சிவப்பில் தாடி. வழியெல்லாம், பேசுமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே வந்தார். அப்போதும் துடைத்துக்கொண்டே அந்தப் புருஷனிடம் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ரெண்டு ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்குதுங்கல்ல?"

"இருக்குதுங்க."

"அப்ப மொதல்ல வர்ற வண்டி எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம் போயிரலாங்க."

பெருந்துறை வழியாக ஈரோட்டுக்குப் போகிற, மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முதலில் வந்தது. கைகாட்டி நிறுத்தினார்.

"அவினாசியில நல்ல டாக்டரம்மா இருக்காங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"இருக்கட்டுங்க" என்று வியாபாரி சொல்லிவிட்டு, அவள் லாரியில் சாய்ந்துகொள்ளத் தன் துணிமூட்டையைப் போட்டுக் கொடுத்து, அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் பஸ்ஸின் கண்டக்டரைப் பார்த்தேன். அந்தப் புருஷன் பஸ்ஸில் வந்து சொன்னானாம்: பெண் குழந்தை, இருவரும் நலம்.

"சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் அந்தப் பாய் அங்கயே இருந்தாருங்களாம்" என்றார்.

ஏதாவது ஆகியிருந்தால் பழி முழுக்க அவர்மீதுதான் விழுந்திருக்கும். அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று நான்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.