பாரசீக ராஜாவின் உத்தரவு

போன வெள்ளிக்கிழமை கிரேஸம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். என்னோடு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் பாக்கியநாதனின் மனைவி. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மாளின் அண்ணன் எபனேசரும் நின்றிருந்தார். தங்கை வீட்டு வாசலை அவர் மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் சொன்னால் நம்பமாட்டீர்கள் — எப்போதோ ஒரு பாரசீக ராஜா போட்ட உத்தரவு.

எபனேசருக்குத் திருவெறும்பூரில் தொழிற்சாலை உத்தியோகம். ஞாயிறு மாலைகளில் உறையூரில் தங்கை வீட்டுக்கு வந்து பைபிள் வகுப்பு நடத்துவார். ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? கிரேஸம்மாவின் காபிதான். அதற்காகவே பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே கேட்டதுதான் தானியேலின் தீர்க்கதரிசனம். பாழாய்க் கிடக்கும் எருசலேமைத் திரும்பக் கட்ட உத்தரவு பிறக்கும். அதிலிருந்து இத்தனை 'வாரம்' கழித்து மேசியா, அதாவது மீட்பர், வருவார். ஒரு வாரம் என்றால் ஏழு வருஷமாம்.

சரி... எந்த உத்தரவிலிருந்து எண்ணுவது?

யூதர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்த பாரசீகத்துக் கோரேசு ராஜாவின் உத்தரவிலிருந்து என்பார் எபனேசர். அது கோயிலைக் கட்ட மட்டும் கொடுத்தது, நகரத்து மதிலைக் கட்ட அனுமதித்தவர் பின்னால் வந்த அர்தசஷ்டா ராஜா என்பார் பாக்கியநாதன்.

"கோரேசுலேருந்து எண்ணினா இயேசு பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடுதுங்க, மச்சான். சரித்திரத்தோட ஒத்துவரலை."

"அப்ப சரித்திரம் தப்பு."

"அதைத்தானே நான் பசங்களுக்கு நடத்துறேன்?"

"நடத்துங்க. வேதத்தை மட்டும் விட்டுடுங்க. விசுவாசம் இல்லாத வீட்டுல எனக்கு வேலையில்லை."

அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை. எபனேசர் எழுந்து போய்விட்டார். வகுப்பும் அவரோடு திருவெறும்பூருக்குப் போயிற்று. காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற கிரேஸம்மாவை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் அந்த அம்மாளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாக்கியநாதன் அன்றைக்கும் அர்தசஷ்டாவைப் பற்றியே பேசினார். வேறு எதைப் பேசினாலும் அழுதுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

கிரேஸம்மா மெதுவாகச் சொன்னார். "எந்த ராஜாவா இருந்தா என்னங்க? வர்ற மேசியாவைக் கொன்னுடுவாங்க, அவர் தனக்காகச் சாகலைன்னு அடுத்த வசனத்துலயே இருக்கு. அதைப் பத்தி அண்ணனும் பேசலை, நீங்களும் பேசலை."

 பாக்கியநாதன் போர்வையை இழுத்து மனைவியின் கால்களை மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் எபனேசர் கிட்டே வந்தார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா, மாப்பிள்ளை?"

"உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

"ஒரு ஆள் அனுப்பியிருந்தா வந்திருப்பேனே."

"உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும், நீங்களா வருவீங்கன்னு இருந்துட்டேன்."

"தெரியும்..." என்றார் எபனேசர். "நீங்க கூப்பிடட்டும்னு இருந்தேன்."

 அவர் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். பாக்கியநாதன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போடவில்லை, சமாதானம் சொல்லவில்லை... சும்மா உட்கார்ந்திருந்தார்.

நாமும் இப்படித்தான் இல்லையா? முதல் வார்த்தையை மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கிறோம். அவரும் அதற்கே காத்திருக்கலாம் என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை.

உங்களுக்கும் அப்படி யாராவது இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே பஸ் ஏறுங்கள்.