காற்றுக்குக் கீழே நின்றவர்

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தின் வேதபாட வகுப்புக்கு வாரம் ஒருமுறை வந்த தமிழ்ப் போதகர் கிரேக்கம் படித்தவர். அன்று கரும்பலகையில் ‘அருவருப்பு’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘ப்டெலுக்மா’ என்று எழுதினார். வேதாகமத்தின் கிரேக்கத்தில் அருவருப்புக்கு அதுதான் சொல்லாம். கள்ளத்தராசையும் சாமி சிலைகளையும் அந்தச் சொல்லால்தான் திட்டியிருக்கிறார்களாம். வகுப்பில் இந்துப் பிள்ளைகள் நாங்கள் சிலர் இருந்தோம். சிலைகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்காததுபோல் நான் உட்கார்ந்திருந்தேன்.

“இதோட வேரு என்னா தெரியுமா? நாத்தம். வயித்துக் காத்து பிரியறதுக்கும் அந்த வேருலதான் சொல்லு இருக்கு” என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “நாத்தம் பட்டா குமட்டும். குமட்டினா மூஞ்சியத் திருப்பிக்குவோம். அதான் அருவருப்பு.”

பக்கத்துப் பெஞ்சுக்காரி மூக்கைப் பிடித்தபடி என்னிடம் குனிந்தாள். “உங்கப்பா வாளிக்கு கிரேக்கத்துலயே பேரு வச்சிருக்காங்கடி.”

“எங்கப்பா ஒரு வாரம் வரலன்னா ஒங்க வீடு பூரா கிரேக்கம்தான் மணக்கும், போடி” என்றேன்.

என் அப்பா டவுனில் காஜா பெராங் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் வாளி எடுப்பவர். செங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவருக்கு அந்த வேலைதான் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். அந்தச் சம்பளத்தில்தான் மிதித்தேன். அதைச் சொல்ல நான் என்றைக்கும் கூசியதில்லை.

கூசியது அப்பாதான். வேலை முடிந்ததும் சிவப்புச் சவுக்காரம் போட்டுத் தோல் வெளுக்கக் குளிப்பார். அதற்குப் பிறகும் யாரோடு பேசினாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வார். காற்று எதிரே நிற்பவரிடமிருந்து தன் மேல் வரும்படி பார்த்துத்தான் நிற்பார். காப்பிக்கடையில் உட்கார மாட்டார். தன் தகரக் குவளையில் வாங்கி, கடை முன்னால் ஐந்தடி நடைபாதையோரம் நின்று குடிப்பார்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை வந்த அந்த வருடக் கடைசியில் வகுப்பில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கும் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு மண்டபத்தில் நாற்காலி போடுவார்கள். அதில் அப்பா உட்கார வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

“கூடப் பொறந்த தம்பி கல்யாணத்துக்கே பந்தலுக்கு வெளிய நின்ன மனுசன், ஒன் பள்ளிக்கூடத்துல உக்காரப் போறாரா?” என்றாள் அம்மா.

அப்பா என்னிடம் கேட்டார்: “அங்க ஃபேன் இருக்குமாம்மா?”

“இருக்கும்ப்பா. வேர்க்காது.”

“அதுக்கில்ல. ஃபேன் சுத்துனா காத்து எங்கிட்டுப் போவுதுன்னு சொல்ல முடியாதே.”

கடைசி வரிசையில் சன்னலோர நாற்காலி பிடித்துத் தருவதாகச் சொன்னேன். “சரி, வர்றேன்” என்றார். புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

அன்று மேடையில் நின்று பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். சன்னலோர நாற்காலி காலி. சன்னலுக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப்புறம், அங்சானா மரத்தடியில் அப்பா நின்றிருந்தார்.

பரிசுப் புத்தகத்தோடு வெளியே ஓடினேன். பக்கத்தில் போனதும் அவர் நகர்ந்து, கடல்காற்று என்னிடமிருந்து தன் மேல் படும்படி நின்றுகொண்டார். நான் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அவரும் சுற்றினார். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, அவர் தோளில் முகத்தை வைத்தேன்.

“சவுக்கார வாசந்தான் வருதுப்பா. வேற ஒண்ணுமே இல்ல.”

“ஒனக்குப் பழகிப்போச்சும்மா” என்றார். பிறகு முகத்தைப் பள்ளித் திடல் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அருவருப்பில் முகத்தைத் திருப்புவது எதிரே நிற்பவர்கள் என்றுதான் போதகர் சொன்னதை அதுவரை நான் புரிந்துவைத்திருந்தேன்.

புத்தகத்தை நீட்டினேன். “அழுக்காயிரும், நீயே காட்டு” என்றார். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எழுத்துத் தெரியாதவர், தள்ளி நின்று எல்லாப் பக்கத்தையும் பார்த்தார்.

மறுவருடம் மழைக்காலத்துக் காய்ச்சலில் அப்பா போய்விட்டார். புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் கை பட்ட இடம் ஒன்றுகூட இல்லை.